கோரைப் பெருமாள்

7 ஆகஸ்ட் 2005, ஞாயிறு

கிருஷ்ணம்மாவைச் சென்னையில் விமானம் ஏற்றிவிட்டு இன்று மதியம் சித்தூர் வந்து சேர்ந்தேன். டல்லாஸில் ஹரிதாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். மகளின் பிரசவத்துக்குத் தாய் போகத்தான் வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. இத்தனை வருடம் குடித்தனம் செய்த மனுஷி, கிளம்பும்போது என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இதுதான்:

"தோட்டத்துல களை வந்தா கையால புடுங்குங்க. ஏகாம்பரம் பேச்சைக் கேட்டுக்கினு மருந்து கிருந்து அடிச்சீங்க, நான் திரும்பி வரமாட்டேன். அங்கயே இருந்துடுவேன்."

வரிசையில் நின்ற வேறொரு அம்மாள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இவள் சொன்னால் செய்கிறவள்.

9 ஆகஸ்ட், செவ்வாய்

தோட்டம் என் பொறுப்புக்கு வந்த நாளில் எப்படி இருந்தது என்று எழுதி வைக்கிறேன். பின்னால் சண்டை வந்தால் ஆதாரம் வேண்டும்.

நடுவில் கிணறு. நாங்கள் குடிப்பது இந்தத் தண்ணீர்தான், அதனால்தான் மருந்து என்றாலே அவளுக்கு ஆகாது. கிணற்றைச் சுற்றிக் கத்தரி, மிளகாய், புதினா, துளசி. சுவரோரம் கனகாம்பரம் — நாராயணவனத்தில் அவள் அம்மா வீட்டிலிருந்து பதியன் கொண்டுவந்து வைத்தது. அதை யாரும் தொடக்கூடாது. களை இல்லை. இதைச் சுத்தமாக எழுதி அடிக்கோடு போடுகிறேன்: களை இல்லை.

நான் இருபத்தைந்து வருடம் தொழிற்சாலையில் வரைபடம் போட்டவன். கம்ப்யூட்டர் வந்ததும், கையால் கோடு போடுகிறவன் இனி வேண்டாம் என்று விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. இயந்திரத்தையே காகிதத்தில் கட்டிப்போட்டவனுக்குப் புல் ஒரு விஷயமா?

28 ஆகஸ்ட், ஞாயிறு

விஷயம்தான்.

மூன்று வாரமாக விட்டுவிட்டு மழை. கோரை கிளம்பிவிட்டது. இழுத்தால் தலை மட்டும் கையோடு வருகிறது. கிழங்கு உள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. கத்தரிக்கு நடுவே அம்மான் பச்சரிசி, கிணற்றடியில் தும்பை, வாசலில் நாயுருவி. நான் குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் குனிய மனமில்லை.

காலையில் அவள் போன். "களை வந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல. தரை துடைச்ச மாதிரி இருக்குது."

ஏன் அப்படிச் சொன்னேன்? யார் கேட்டது? வாயில் வந்துவிட்டது. பயம்தான், வேறென்ன. களை என்றால் மருந்தா என்று கேட்பாள், மருந்து என்றால் வரமாட்டேன் என்பாள்.

4 செப்டம்பர், ஞாயிறு

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் சுற்றுச்சுவருக்கு மேலே தலையை நீட்டினார். உரம், பூச்சிமருந்து கடை வைத்திருக்கிறார். அவர் கொல்லையில் மருந்தடித்து அடித்துக் கடைசியில் கொய்யா மரமும் போய்விட்டது. இப்போது முழுக்க சிமெண்ட். மேலே ஒரு கார் நிற்கிறது.

"ஒரு டப்பா தரேன் சார். அடிச்சீங்கன்னா மொட்டையா பூடும். அப்பறம் சிமெண்ட் போட்டுடுங்க. அமெரிக்காவுலேர்ந்து பொண்ணு வந்தா கார் நிறுத்த வேணாமா?"

"எம்பொண்ணு அமெரிக்காவுலேர்ந்து கார்ல வரமாட்டா" என்றேன்.

டப்பாவைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

14 செப்டம்பர், புதன்

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். கோரை முழங்கால் உயரம்.

18 செப்டம்பர், ஞாயிறு

கிருஷ்ணம்மா குழந்தையைக் குளிப்பாட்டப் போன நேரம் பார்த்து ஹரிதாவிடம் விசாரித்தேன். எனக்காக இல்லை, நம் எதிர்வீட்டு எத்திராஜுக்காகக் கேட்கிறேன் என்றேன். மருந்தில்லாமல் களையைக் கொல்ல என்ன வழி?

"அய்யோ நைனா, இங்க எல்லாரும் அதான் பண்றாங்க. நெட்ல பாத்துச் சொல்றேன் இரு" என்று பிள்ளைபெற்ற பத்தாம் நாளுக்குள் உட்கார்ந்து பார்த்துச் சொன்னாள். கொதிக்கிற தண்ணீர் ஊற்றலாம். வினிகர் தெளிக்கலாம். இல்லையென்றால் பழைய பேப்பரை மண்மேல் பரப்பி நனைத்துவிட வேண்டும். வெயில் படாமல் களை செத்துப்போகும், பேப்பரும் மக்கி உரமாகிவிடும்.

எத்திராஜ் அங்கிளைக் கேட்டதாகச் சொல் என்றாள். சொல்கிறேன் என்றேன். எத்திராஜ் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் வீட்டில் ஒரு தொட்டிச்செடிகூடக் கிடையாது.

21 செப்டம்பர், புதன்

கொதிநீர். குண்டானோடு போனேன். பாதி கோரை மேல், பாதி என் இடது கால் மேல். கால் சிவந்துவிட்டது. கோரை குளித்துவிட்டு வந்த தெம்போடு நிற்கிறது.

27 செப்டம்பர், செவ்வாய்

வினிகர் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், கடைத்தெருவில் புதிதாக வந்திருக்கும் நூடுல்ஸ் வண்டிக்காரனிடம் கேட்டு வாங்கினேன். எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்டான். தோட்டத்துக்கு என்றேன். அவன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தெளித்தேன். தெரு முழுக்க ஊறுகாய் வாசனை. கொல்லைப்பக்கத்து வீட்டு ரத்னம்மா தன் ஆட்டோடு வந்து, "மாங்கா இல்லாத காலத்துல இன்னாண்ணா ஊறுகா போடறீங்க?" என்று எட்டிப்பார்த்தாள்.

பலன் தெரிந்தது. புதினா முழுக்கச் செத்துவிட்டது.

15 அக்டோபர், சனி

பேப்பர்தான் வழி. பேப்பர் ஏஜென்டிடம் விற்காத கட்டுகளைக் கேட்டேன், தூக்கிக்கொண்டு போங்கள் என்றார். ஆட்டோ வைத்துக் கொண்டுவந்தேன். காலை முழுக்கக் கொல்லையில் பரப்பினேன். நன்றாகவே இருந்தது, பெரிய வரைபடம் விரித்ததுபோல. நடந்து சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ரத்னம்மா போட்ட சத்தத்தில் அவள் ஆடே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"தேவுடா! அண்ணா, சாமி மேல நிக்கறீங்க!"

கீழே பார்த்தேன். இப்போதுதான் திருமலையில் பிரம்மோற்சவம் முடிந்திருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் பெருமாள். கருட வாகனத்தில் பெருமாள், அன்ன வாகனத்தில் பெருமாள், ஜவுளிக்கடை விளம்பரத்தில் பெருமாள். என் வலது கால் கற்பக விருட்சத்தின் மேல் இருந்தது. துள்ளிக் குதித்தேன், சிம்ம வாகனத்தின் மேல் போய் விழுந்தேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ரத்னம்மா வாசலிலேயே நின்று ஒவ்வொரு தாளாகப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். மந்திரிகள் மேல் நடக்கலாம். சினிமாக்காரர்கள் மேல் நடக்கலாம். ஷேர் மார்க்கெட் மேல் தாராளமாக நடக்கலாம். சாமி மேல் மட்டும் கூடாது.

17 அக்டோபர், திங்கள்

பெருமாளைக் கத்தரித்து எடுத்துவிட்டு மிச்சப் பேப்பரைப் போடுவதென்று முடிவு செய்தேன்.

பழைய பிளேடு, அளவுகோல், வளைகோடு போடும் பலகை எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்தேன். கை மறக்கவில்லை. கடைசிக் கட்டு முழுக்க ஒரே சிறப்பு மலர். நடுவில் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு மூலவர் நிற்கிறார். ஒரு படத்தை அச்சாக வைத்து, பத்துப் பத்தாக அடுக்கி, கிரீடம், தோள், சங்கு, சக்கரம், கை, பாதம் என்று விளிம்பு பிசகாமல் வெட்டினேன். ஓய்வு கொடுத்து அனுப்பிய நாலு வருடத்தில் இன்றுதான் நான் ஒரு வேலையைச் செய்தேன் என்று சொல்லலாம்.

கிணற்றடியில்தான் கோரை அதிகம். அந்த மலரை அங்கே கனமாக அடுக்கினேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒரு நூல்கூட விலகாமல் பார்த்துக்கொண்டேன். அடுக்கினால் விலகக்கூடாது, அது தொழில் சுத்தம்.

22 அக்டோபர், சனி

வெட்டியெடுத்த பெருமாள்கள் ஒரு சாக்கு நிறைய இருக்கிறார்கள். குப்பையில் போட முடியாது, எரிக்க முடியாது, எடைக்குப் போடவும் முடியாது. திருப்பதிக்கே கொண்டுபோய்விடலாம் என்று கிளம்பினேன்.

பஸ்ஸில் சாக்கைக் கீழே வைக்க முடியவில்லை, எல்லோர் காலும் படும். என் சீட்டில் வைத்துவிட்டு நான் நின்றேன். கண்டக்டர் சாக்கைக் காட்டி, "இதுக்கு டிக்கெட்?" என்றார். உள்ளே யார் என்று சொன்னேன். மனுஷன் சட்டென்று கும்பிட்டார். பெருமாள் உட்கார்ந்து வந்தார், நான் திருப்பதிவரை நின்றுகொண்டு போனேன்.

மலையடிவாரத்துக் குளத்தில் விடலாம் என்று போனால், காவலாளி பணிவாகத் தடுத்தார். குளத்தில் பேப்பர் போடக்கூடாதாம், நியாயம்தான். ஒரு சின்னக் கோயில் அர்ச்சகரிடம் கேட்டேன். வீட்டில் வைத்துப் பூஜை செய்யுங்கள் என்றார். இத்தனை பேரையுமா என்று கேட்டேன். அவர் மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஊர் உலகமெல்லாம் அவரைப் பார்க்கத் திருப்பதிக்கு வருகிறது. அவரை அங்கே விட்டுவிட்டு வரலாம் என்று போனவன் நான் ஒருவன்தான். விட முடியவில்லை. திரும்பிவரும்போதும் நின்றுகொண்டுதான் வந்தேன். சாக்கு இப்போது பரண் மேல் இருக்கிறது.

1 நவம்பர், செவ்வாய்

தீபாவளி. மழை. எண்ணெய் தேய்க்க ஆளில்லை. ஒரு முறுக்குத் துன்னுவிட்டுப் படுத்தேன்.

13 நவம்பர், ஞாயிறு

பேப்பர் வேலை செய்கிறது! கொல்லை முழுக்கச் சாம்பல் நிறத்தில் அடங்கிக் கிடக்கிறது. ஒரு புல் இல்லை. போனில் இன்றைக்குச் சொன்னது ஏறக்குறைய உண்மை. கிணற்றடியில் மட்டும், வெட்டின இடைவெளியில் பச்சையாக ஏதோ தெரிகிறது. சின்ன விஷயம்.

19 நவம்பர், சனி

சின்ன விஷயம் இல்லை.

இன்று காலை ரத்னம்மா தண்ணீர் கேட்டுவந்தாள். கிணற்றடிக்குப் போனவள் குடத்தைக் கீழே போட்டாள். என்னவோ ஏதோ என்று ஓடினேன். அவள் சேற்றில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் அப்போதுதான் நின்று பார்த்தேன். அடைத்த இடமெல்லாம் அடங்கிவிட்டது, திறந்த இடத்தில் மட்டும் களை வந்திருக்கிறது. கிரீடத்தில் கோரை நிமிர்ந்து நிற்கிறது. உடம்பு முழுக்க அம்மான் பச்சரிசி. ஒரு பக்கம் சங்கு, ஒரு பக்கம் சக்கரம், இடுப்பில் ஒரு கை. விளிம்பு அத்தனை சுத்தம், என் கை அப்படி. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தும்பை முளைத்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

"நாமம்ணா! நாமம் போட்டுக்கினு வந்துகிறாரு!"

"ரத்னம்மா, இது நான் வெட்டின பேப்பர்ம்மா. ஓட்டை வழியா களை வந்துகிது, அவ்வளவுதான்."

"உங்களை வெட்ட வெச்சது யாரு?"

பிடுங்கலாம் என்று குனிந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

27 நவம்பர், ஞாயிறு

தினமும் ஆட்கள் வருகிறார்கள். முதலில் தெரு, பிறகு குடிபாலா, இப்போது கங்காதர நெல்லூரிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு. எத்திராஜ் தானாகவே பொறுப்பெடுத்துக்கொண்டார். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வரிசை கட்டிவிட்டார். கேபிள்காரன் ஒருவன் கேமராவோடு வந்து போனான்.

காலையில் போன். "பின்னாடி இன்னா சத்தம் அது, கோவிந்தா கோவிந்தான்னு?"

"டிவி."

"கொறைச்சு வையிங்க. தோட்டம்?"

"நல்லா இருக்குது. பாக்கறவங்கல்லாம் கையெடுத்துக் கும்பிடறாங்க."

இதில் பொய் எதுவும் இல்லை.

8 டிசம்பர், வியாழன்

இன்று என் கொல்லையில், என் கிணற்றில், ஒரு வாளித் தண்ணீர் எடுக்க நான் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் ராணிப்பேட்டையாம். நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சமையலறையிலிருந்து என்றேன்.

கிணற்றை நெருங்கியதும் எத்திராஜ், "ஜரகண்டி, ஜரகண்டி" என்று திருமலையில் நகர்த்துகிற மாதிரி என் தோளைப் பிடித்துத் தள்ளினார். வாளி காலியாகவே வெளியே வந்துவிட்டேன். திரும்ப வரிசையின் கடைசிக்குப் போகவேண்டியதாயிற்று.

உண்டியல் வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மொட்டையடிக்க ஒருவர் கத்தியோடு வந்தார், அவரையும் அனுப்பிவிட்டேன். ஆனால் பூவைத் தடுக்க முடியவில்லை. வெறுங்கையோடு வந்தவர்கள் சுவரோரம் திரும்பிப் பார்க்கிறார்கள், கனகாம்பரம் நிற்கிறது, பறிக்கிறார்கள். துளசியில் இலை இல்லை. கத்தரி மிதிபட்டுப் போயிற்று. களையை மட்டும் யாரும் தொடவில்லை. களைக்குப் பால் ஊற்றுகிறார்கள்.

25 டிசம்பர், ஞாயிறு

கிருஷ்ணம்மா பேசினாள். குரலில் நல்ல உற்சாகம். குழந்தை சிரிக்கிறதாம், இவள் முகம் பார்த்தால் மட்டும் சிரிக்கிறதாம். பிறகு சொன்னாள்:

"ஹரிதா இன்னும் ஆறு மாசம் இருந்துட்டுப் போம்மான்றா. மாப்பிள்ளையும் விசாவுக்கு எழுதிப் போட்றன்றாரு. தோட்டத்துக்காகத்தான் வந்துடணும்னு பாத்தேன். அதான் நீங்களே நல்லா பாத்துக்கினு இருக்கீங்களே. நான் வந்து இன்னா பண்ணப்போறேன்?"

சரி என்றேன். இருந்துட்டு வா என்றேன்.

தோட்டம் கெட்டால் வரமாட்டாள் என்று பயந்து பயந்து பொய் சொன்னேன். இப்போது தோட்டம் நல்லா இருக்குது, அதனால் வரமாட்டாள். இது என்னடா கணக்கு? அவளுக்கு இந்த வீட்டில் தோட்டம் தவிர வேறொன்றும் இல்லையா? நான் இல்லையா? கேட்டிருக்கலாம் இல்ல? வாயில மண்ணு. இன்னா மனுஷன்டா நீ. பாஷை தெரியாதவனா? வா-ன்னு ஒரு எழுத்து. வரலையே.

10 ஜனவரி 2006, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

விடியும் முன்பே தெருக்கோடிவரை வரிசை. எல்லோரும் பட்டினி. முதல் ஆள் ரத்னம்மா. அவள் ஆட்டைக் கட்ட மறந்துவிட்டாள். அது எப்போதும் அவள் பின்னால் வருவதுதான், இன்றும் வந்தது. கயிற்றுக்கு உள்ளே, அவளுக்குப் பின்னால், ஒழுங்காக வரிசையில் நின்றது. எத்திராஜ்கூட அதைக் காட்டி, ஆட்டுக்கு இருக்கிற பக்தி மனுஷனுக்கு இல்லையே என்றார். யாரும் விரட்டவில்லை.

ரத்னம்மா கும்பிட்டு நகர்ந்தாள். அடுத்தது ஆட்டின் முறை.

முதலில் கிரீடம். பிறகு சங்கு, சக்கரம், இடுப்புக் கை. எத்திராஜுக்கு வேறெதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது, "ஜரகண்டி" என்றார். அது ஜரகவில்லை. தும்பை கசப்போ என்னவோ, நாமத்தைக் கடைசியாகத்தான் துன்னது. துன்னு முடித்து, ஏகாதசியன்று அந்தக் கூட்டத்திலேயே வயிறு நிறைந்த ஒரே ஜீவனாக எங்களைத் திரும்பிப் பார்த்தது.

அடிக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பின்னாலிருந்து யாரோ "கோவிந்தா!" என்றார்கள். மொத்தக் கூட்டமும் "கோவிந்தா!" என்றது. எத்திராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்: "பெருமாள் இப்போ ஆட்டுக்குள்ள போய்ட்டாரு. எல்லாரும் லைன்லயே ரத்னம்மா வீட்டுக்கு நடங்க."

கயிற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் துணி காயப்போடும் கயிறு.

11 ஜனவரி, புதன்

ரத்னம்மா அழுதுகொண்டு வந்தாள். அந்த ஆடு மே மாத ஜாத்திரையில் எங்கள் ஊர் அம்மன் கங்கம்மாவுக்குப் பலி கொடுக்க நேர்ந்துவிட்டது. இப்போது உள்ளே பெருமாள் இருக்கிறாரே, எப்படி வெட்டுவது? வெட்டாவிட்டால் கங்கம்மா சும்மா இருப்பாளா?

எத்திராஜ்தான் தீர்த்துவைத்தார். "கங்கம்மா அவருக்குத் தங்கச்சிதானே. அண்ணன் தங்கச்சி விவகாரம், அவங்களே பேசிக்கட்டும். நடுவுல நமக்கின்னா?"

ஆடு பிழைத்துக்கொண்டது.

15 ஜனவரி, ஞாயிறு

நேற்றுப் பொங்கல் வைத்தேன், அடி பிடித்துவிட்டது. இன்று கொல்லையில் போய் நின்றேன். இத்தனை பேர் நடந்து மண் களம்போல இறுகிக்கிடக்கிறது. பேப்பர் மக்கிப்போயிற்று. ஒரு களை இல்லை. நான் ஐந்து மாதம் பட்ட பாடெல்லாம் இதற்குத்தான். பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏகாம்பரம் தலையை நீட்டினார். "சூப்பர் சார்! இப்பவே சிமெண்ட் போட்டுட்டீங்கன்னா வேலை முடிஞ்சிது."

போன் அடித்தது. எடுத்ததும் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கொதிநீர், வினிகர், பேப்பர், பெருமாள், பரண் மேல் சாக்கு, எத்திராஜ், ஆடு.

"மருந்து அடிச்சீங்களா?"

"இல்ல. அது மட்டும் அடிக்கல."

"புதினா?"

"வினிகர்ல பூட்டுது."

"துளசி?"

"மால கட்டிட்டாங்க."

"கனகாம்பரம்?"

"குச்சிதான் நிக்குது" என்றேன்.

பிறகு ஆரம்பித்தாள். அமெரிக்காவிலிருந்து போன் பேசினால் எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் மறந்துவிட்டுத் திட்டினாள். கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? கயிறு கட்டறவரைக்கும் பாத்துக்கினு இருந்தியா? மரியாதையெல்லாம் எப்போதோ போய்விட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

"களை?" என்று கடைசியில் கேட்டாள்.

கட்டாந்தரையைப் பார்த்துக்கொண்டே, "இடுப்பு உயரம்" என்றேன். இன்று சொன்னதில் அது ஒன்றுதான் பொய்.

"ஹரிதாகிட்ட குடுக்கறேன். டிக்கெட் எப்போ கெடைக்குதுன்னு கேளுங்க" என்றாள்.

17 ஜனவரி, செவ்வாய்

வந்து பார்த்து, களையே இல்லையே என்றால்? ஏமாற்றிக் கூப்பிட்டாய் என்று அடுத்த விமானத்தில் திரும்பிப் போய்விட்டால்?

மண்ணைக் கொத்தினேன். வாய்க்கால் ஓரத்திலிருந்து கோரையைக் கிழங்கோடு பெயர்த்து ஒரு கூடை கொண்டுவந்தேன். நூல் கட்டி நட்டேன். தண்ணீர் ஊற்றினேன்.

ஏகாம்பரம்: "இன்னா சார் நடறீங்க?"

"கோரை."

டப்பா வேண்டுமா என்று கேட்கவில்லை. வேலூரில் தனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்றார்.

24 ஜனவரி, செவ்வாய்

கோரை வாடுகிறது. பிடுங்கினால் சாகாத சனியன், நட்டால் சாகிறது. காலையும் மாலையும் தண்ணீர். எரு வைத்திருக்கிறேன். பிழைத்துக்கொள்ளடா, அப்பா.

29 ஜனவரி, ஞாயிறு

பிழைத்துவிட்டது. தளிர் விட்டிருக்கிறது. ஆட்டை வராமல் பார்த்துக்கொள்ளும்படி ரத்னம்மாவிடம் சொன்னேன். பெருமாள் வந்தால் எப்படித் தடுப்பது என்கிறாள்.

4 பிப்ரவரி, சனி

நேற்று வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். இன்று காலை காபிகூடக் குடிக்காமல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லையில் இறங்கினாள். நான் கூடையோடு பின்னால் போனேன்.

குனிந்தவள் அப்படியே நின்றாள். இந்தக் கோடியைப் பார்த்தாள், அந்தக் கோடியைப் பார்த்தாள்.

"இடுப்பு உயரம்னீங்க. ஜாண்கூட இல்ல. சரி, வுடு. களை எங்கனா வரிசையா மொளைக்குமா?"

நான் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுவும் நூலு புடிச்சாமாரி?"

உட்கார்ந்து முதல் கோரையைக் கிழங்கோடு எடுத்தாள். அவள் எடுத்தால் கிழங்கு வருகிறது. மண்ணை உதறிக் கூடையில் போட்டாள்.

"வரச் சொல்லணும்னா வான்னு சொல்லியிருக்கலாமே" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"சொன்னா வந்திருப்பியா?"

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். நானும் கூடையை நகர்த்தி வைத்தேன்.

26 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் ஹரிதா போன் செய்தாள். குழந்தை தேடுகிறதாம், ஏப்ரலில் மறுபடி வந்துவிட்டுப் போகச் சொல்கிறாள். கிருஷ்ணம்மா ஜன்னல் ஓரமாக நின்று பேசினாள்.

"எப்படிம்மா வர்றது? இங்க களை மண்டிக்கினு கெடக்குது. உங்க நைனாவால ஒண்ணும் ஆவல. அடுத்த வருசம் பாக்கலாம், ரெண்டு பேருமா வரோம்."

நான் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாராயணவனத்திலிருந்து போன வாரம் கொண்டுவந்து வைத்த கனகாம்பரம் வேர் பிடித்திருக்கிறது. களை ஒன்றுகூட இல்லை.